கல்யாணம் பதிவாகவில்லை, மகளுக்கு என்ன உரிமை?

கொங்குப் பகுதியிலிருந்து 31 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன்.

உடன் வேலை பார்த்தவரோடு ஆறு ஆண்டுகள் ஒரே வாடகை வீட்டில் வாழ்ந்திருக்கிறார். இருவரும் இந்துக்கள், வெவ்வேறு சாதி. இருவருக்கும் அதற்கு முன் திருமணம் ஆனதில்லை. தொடக்கத்தில் ஒரு முருகன் கோவிலில் இரண்டு நண்பர்கள் முன்னிலையில் அவர் மஞ்சள் கயிறு கட்டினார். பதிவு செய்யவில்லை. மகளுக்கு இப்போது ஐந்து வயது. அரசு மருத்துவமனையில் பிரசவத்தின்போது அவரே கையெழுத்துப் போட்டதால், பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயர் அவருடையதாகவே இருக்கிறது. ஒன்றரை ஆண்டுக்கு முன் அவர் பெற்றோர் வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது இரண்டு லட்சம் ரூபாய் கொடுத்து, "இனி எனக்கோ குழந்தைக்கோ எந்த உரிமையும் கிடையாது" என்று 20 ரூபாய் பத்திரத்தில் இவரிடம் எழுதி வாங்கியிருக்கிறார். இப்போது அவருக்கு வேறு பெண் பார்க்கிறார்கள். வழக்குப் போட்டால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்கிறார். அவர் குடும்பத்துக்குப் பூர்வீகத் தோட்டம் உண்டு. அவர் சொந்தமாக ஒரு மனையும் வாங்கியிருக்கிறார். வாசகி இப்போது தாய் வீட்டில் இருக்கிறார். பள்ளியில் தந்தை பெயர் கேட்கிறார்கள், பேசாமல் தந்தை என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டுவிடலாம் என்று வாசகியின் அண்ணன் சொல்கிறார். "கல்யாணமே ஆகாதவளின் குழந்தைக்குச் சட்டத்தில் என்ன கிடைக்கும்?" என்பது கேள்வி.

சகோதரி, "எங்களுக்குக் கல்யாணமே ஆகவில்லை" என்ற வாக்கியம் உங்கள் கடிதத்தில் நான்கு இடங்களில் வருகிறது. இனிமேல் யாரிடமும், குறிப்பாக வாட்ஸ்அப்பிலோ புகார் மனுவிலோ, அந்த வாக்கியத்தை எழுதாதீர்கள். அது உண்மையாக இல்லாமல் இருக்கலாம். உங்கள் மகளின் சொத்துரிமை முழுக்க அந்த ஒரு கேள்வியைத்தான் சுற்றி நிற்கிறது.

நடந்தது திருமணம்தானா?

தமிழ்நாட்டில் இந்துத் திருமணச் சட்டத்துக்கு 7-ஏ என்று தனிப் பிரிவு உண்டு. சுயமரியாதைத் திருமணங்களுக்காக 1967-இல் சட்டமன்றம் கொண்டுவந்த திருத்தம் அது. உறவினர், நண்பர் அல்லது வேறு யாராவது முன்னிலையில் இருவரும் ஒருவரையொருவர் கணவன் மனைவியாக ஏற்பதாகப் புரிகிற மொழியில் சொன்னாலோ, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலோ, தாலி கட்டினாலோ திருமணம் செல்லும். புரோகிதர், அக்கினி, மண்டபம் எதுவும் கட்டாயமில்லை. ஊரைக் கூட்டித்தான் செய்ய வேண்டும் என்பதும் இல்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. உங்கள் விஷயத்தில் இருவரும் இந்துக்கள், இருவரும் திருமணமாகாதவர்கள், இரண்டு பேர் பார்க்கத் தாலி ஏறியிருக்கிறது.

பதிவு இல்லையே என்பீர்கள். தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009 திருமணத்தை 90 நாட்களுக்குள் பதிவு செய்யச் சொல்கிறது, உண்மைதான். ஆனால் பதிவு என்பது திருமணத்துக்கான ஆதாரம். பதிவு இல்லாததால் மட்டும் திருமணம் செல்லாமல் போய்விடாது. சிரமமெல்லாம் நிரூபிப்பதில்தான். அந்த இரண்டு நண்பர்களும் இன்று சாட்சி சொல்ல முன்வருவார்களா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

அவர்கள் பின்வாங்கினாலும் இன்னொரு வழி இருக்கிறது. ஓர் ஆணும் பெண்ணும் நீண்ட காலம் கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ்ந்தால், திருமணம் நடந்திருக்கிறது என்றே நீதிமன்றம் முதலில் அனுமானிக்கும். இல்லை என்பவர்தான் அதை உடைக்க வேண்டும். கேரளத்தில் எழுந்த ஒரு வழக்கில் 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் இந்த அனுமானத்தை வைத்தே அத்தகைய பெற்றோரின் மகனுக்குக் குடும்பச் சொத்தில் பங்கு கொடுத்தது. வந்துபோகிற உறவுக்கு இது பொருந்தாது. ஆறு ஆண்டு ஒரே வீடு, அக்கம்பக்கத்தார் உங்களைத் தம்பதியாக அறிந்திருப்பது, பிரசவத்தில் அவர் கையெழுத்து, எல்லாம் சேர்ந்தால் பொருந்த நல்ல வாய்ப்பு உண்டு.

மூன்று நிலை, மூன்று விதமான பங்கு

"திருமணம் ஆகாத பெற்றோரின் குழந்தை" என்று பேச்சு வழக்கில் ஒரே பெயராகச் சொன்னாலும், இந்துச் சட்டத்தில் அதற்குள் மூன்று நிலைகள் இருக்கின்றன. முதல் நிலையில் திருமணம் நிரூபணமாகிறது, அல்லது அனுமானிக்கப்படுகிறது. இரண்டாவதில் திருமணச் சடங்கு நடந்திருக்கிறது, ஆனால் அது சட்டப்படி செல்லாதது. முதல் மனைவி உயிரோடு இருக்கும்போது கட்டிய இரண்டாம் தாலி போல. மூன்றாவதில் சடங்கே இல்லை, சேர்ந்து வாழ்ந்ததற்கும் ஆதாரம் இல்லை.

இரண்டாம் நிலைக் குழந்தையை இந்துத் திருமணச் சட்டத்தின் பிரிவு 16 காப்பாற்றுகிறது. திருமணம் செல்லாவிட்டாலும் பிள்ளை சட்டப்படியான பிள்ளைதான். ஆனால் உரிமை பெற்றோரின் சொத்தில் மட்டும், மற்ற உறவினர் சொத்தில் இல்லை. பூர்வீகச் சொத்தில் தந்தைக்கு வரும் பங்கும் "பெற்றோரின் சொத்து" என்பதற்குள் அடங்குமா என்று பல ஆண்டுகள் இழுபறி இருந்தது. 2023 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, அடங்கும் என்று முடித்துவைத்தது. அதே சமயம் அந்தக் குழந்தை பிறப்பால் கூட்டுக்குடும்பப் பங்காளி ஆகாது, அதாவது பிறந்ததுமே பூர்வீகச் சொத்தில் பங்கு வந்துவிடாது. தந்தை உயிரோடு இருக்கும்போது பாகம் கேட்கவும் முடியாது.

மூன்றாம் நிலைதான் கொடுமை. இந்து வாரிசுரிமைச் சட்டம் அந்தக் குழந்தையைத் தாய்க்கும் தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்கும் மட்டுமே உறவாகக் கருதுகிறது. தந்தை உயில் எழுதாமல் இறந்தால் வாரிசாகப் பங்கு கேட்பது மிகக் கடினம். செல்லாத திருமணத்தில் பிறந்த குழந்தைக்குக் கிடைப்பது, சடங்கே இல்லாமல் பிறந்த குழந்தைக்குக் கிடைக்காது. இதில் என்ன நியாயம் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. இப்போதைக்குச் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

கணக்கில் போட்டுப் பார்த்தால் விளங்கும். பூர்வீகத் தோட்டத்தில் அவர் கிளைக்கு ஒரு ஏக்கர், அதாவது 100 சென்ட் வருகிறது என்று வையுங்கள். அவர் இப்போது வேறு பெண்ணை மணந்து ஒரு மகன் பிறக்கிறான். பிற்காலத்தில் உயில் எழுதாமல் அவர் இறக்கிறார். அவருடைய தாய் அதற்கு முன்பே காலமாகிவிட்டார்.

உங்கள் திருமணம் செல்லும் என்று முடிவானால், மகளும் தந்தையும் பங்காளிகள். ஆளுக்கு 50 சென்ட். இந்த இடத்தில் மகள், மகன் வித்தியாசம் தமிழ்நாட்டில் 1989-லும் நாடு முழுவதும் 2005-லும் போய்விட்டது. தந்தையின் 50 சென்ட் மனைவியான உங்களுக்கும் மகளுக்கும், பிரிவு 16-இன்படி அந்த மகனுக்கும் மூன்றாகப் பிரியும். மகளுக்கு மொத்தம் 66⅔ சென்ட். இரண்டாவதாக வந்த பெண்ணுக்கு வாரிசுப் பங்கு இல்லை, ஏனென்றால் அவருடைய திருமணம்தான் செல்லாதது.

உங்கள் திருமணம் செல்லாதது என்று தீர்ப்பானால் நிலைமை அப்படியே தலைகீழ். அந்த மகன் பங்காளி, அவனுக்கு 50 சென்ட். மீதி 50 சென்டை அந்த மனைவி, மகன், உங்கள் மகள் மூவரும் பிரித்துக்கொள்வார்கள். உங்கள் மகளுக்கு 16⅔ சென்ட்.

மூன்றாம் நிலை என்றால் வாரிசாகச் சுழியம்.

ஒரே குழந்தை, ஒரே தோட்டம். நிரூபணம் எவ்வளவு முக்கியம் என்று இதற்காகத்தான் இத்தனை நேரம் சொன்னேன். அவர் சொந்தமாக வாங்கிய மனை வேறு கதை. அது சுயார்ஜிதம், அவர் இருக்கும்வரை யாரும் பங்கு கேட்க முடியாது, விருப்பம்போல் விற்கலாம். உயிலோ செட்டில்மெண்ட் பத்திரமோ எழுதி உங்கள் மகளுக்குக் கொடுக்க நினைத்தால் எந்த நிலையிலும் தடையில்லை. தாத்தா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய நிலமாக இருந்தால் அது அவர் இஷ்டம். ஊரில் "பூர்வீகம்" என்று சொல்வதெல்லாம் சட்டப்படி பூர்வீகம் ஆகிவிடாது. சர்வே எண்ணை வைத்து வில்லங்கச் சான்றும் பட்டாவும் எடுத்து, நிலம் யார் பெயரில் எப்படி வந்தது என்று பார்த்துவிடுங்கள்.

பராமரிப்புத் தொகைக்கு இந்தச் சண்டை எதுவும் தேவையில்லை

மேலே சொன்ன மூன்று நிலைகளிலும், எந்த மதமானாலும், தந்தை குழந்தையைப் பராமரித்தே ஆக வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவாகியிருக்கிறது. திருமணத்தில் பிறந்தாலும் பிறக்காவிட்டாலும், தன்னைக் காத்துக்கொள்ள முடியாத மைனர் குழந்தைக்குத் தந்தை மாதந்தோறும் பணம் தர வேண்டும் என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது. தொகைக்கு உச்சவரம்பு கிடையாது. அவர் நாளை வேறு திருமணம் செய்துகொண்டாலும் இந்தக் கடமை போகாது.

இரண்டு பக்கமும் சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறை இப்போது எல்லா நீதிமன்றங்களிலும் நடைமுறையில் இருக்கிறது. "சம்பளமே இல்லை" என்று வெறும் வாயால் சொல்லித் தப்பிக்க முடியாது. அதே தீர்ப்பின்படி மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்துதான் பராமரிப்புத் தொகை கணக்கிடப்படும். அவர் போன பிறகு கழிந்த ஒன்றரை ஆண்டுக்கு இந்தப் பிரிவில் பணம் வராது. அடுத்த மாதமும் தள்ளிப்போட்டால் அந்த மாதமும் போனதுதான். மூல மனுவோடு இடைக்காலத் தொகைக்கும் மனுப் போடுங்கள். நோட்டீஸ் சேர்ந்த 60 நாட்களுக்குள் அதை முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

எங்கே தாக்கல் செய்வது என்பதில் பலர் வழுக்கி விழுகிறார்கள். மனைவி என்றால் தான் இருக்கும் ஊரிலேயே 144 மனுப் போடலாம். திருமணம் மறுக்கப்படும் நிலையில், நீங்கள் இப்போது இருக்கும் தாய் வீட்டு ஊரில் போட்டால் எல்லை வரம்பு என்ற ஆட்சேபணையிலேயே ஓராண்டு போய்விடும். குழந்தையின் தாயோடு அவர் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. ஆகவே அந்த வாடகை வீடு இருக்கும் ஊரின் குடும்ப நல நீதிமன்றமோ, அது இல்லாத இடத்தில் நீதித்துறை நடுவர் மன்றமோ பாதுகாப்பான தேர்வு. அவ்வளவு தூரம் அலைய முடியாது என்றால் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005 இருக்கிறது. அதில் நீங்கள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரே போதும். திருமணத்தின் தன்மை கொண்ட உறவையும் அந்தச் சட்டம் ஏற்கிறது. உங்களுக்கும் குழந்தைக்கும் சேர்த்தே பணம் கேட்கலாம். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலர் மனுத் தயாரிக்க உதவுவார்.

உத்தரவு வந்த பிறகு பணம் வராவிட்டால் நிறைவேற்று மனுப் போட வேண்டும். ஒவ்வொரு மாதத் தொகைக்கும் அது செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் போட்டாக வேண்டும். "மொத்தமாகச் சேரட்டும்" என்று இரண்டு ஆண்டு காத்திருந்தவர்கள் பழைய பாக்கிக்கு வாரண்ட் கேட்க முடியாமல் நிற்கிறார்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. தந்தை இறந்துவிட்டால், அவருடைய சொத்தை அடைந்த வாரிசுகளிடம் அந்தச் சொத்திலிருந்து பராமரிப்புக் கேட்கும் உரிமை, திருமணத்துக்கு வெளியே பிறந்த மகளுக்கும் உண்டு. இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் 1956, மகன் என்றால் மைனராக இருக்கும் வரையிலும் மகள் என்றால் அவளுக்குத் திருமணம் ஆகும் வரையிலும் இதைத் தருகிறது. மூன்றாம் நிலைக் குழந்தைக்குக் கடைசிப் பிடிமானம் இது.

அந்த 20 ரூபாய் பத்திரம்

அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். குழந்தையின் பராமரிப்பு உரிமை குழந்தையுடையது. அதை விட்டுக்கொடுக்கத் தாய்க்கு அதிகாரம் இல்லை. அப்படிப்பட்ட ஒப்பந்தம் பொதுநலனுக்கு விரோதமானது, செல்லாது. கொடுத்த இரண்டு லட்சத்தைத் தொகை நிர்ணயிக்கும்போது அவர் சுட்டிக்காட்டலாம், அவ்வளவுதான். ஆனால் பத்திரத்தைக் கிழித்துவிடாதீர்கள். அதில் "நமக்குப் பிறந்த குழந்தை" என்பது போல ஏதாவது ஒரு சொல் இருந்தால், தந்தை தானே என்று ஏற்று அவர் எழுதி வாங்கிய ஆவணம் அது! உங்களிடம் நகல் இல்லையென்றால் யார் எழுதினார்கள், நோட்டரி யார் என்று குறித்து வையுங்கள்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா?

சட்டத்தின் பலம் உங்கள் பக்கம். திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைக்குத் தாயே முதல் இயற்கைப் பாதுகாவலர், அவருக்குப் பிறகுதான் தந்தை என்கிறது இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டத்தின் 6-ஆம் பிரிவு. அவர் ஒரே மூச்சில் "கல்யாணமே ஆகவில்லை" என்றும் "குழந்தையை எடுத்துக்கொள்வேன்" என்றும் சொல்கிறார். முதலாவது உண்மையானால் இரண்டாவது நடக்காது. திருமணம் நிரூபணமானால் தந்தை முதல் பாதுகாவலர் ஆகிவிடுவாரே என்ற பயம் வரலாம். அப்போதும் நீதிமன்றம் பார்ப்பது குழந்தையின் நலனை மட்டும்தான். ஒன்றரை ஆண்டு எட்டிப் பார்க்காதவரிடம் ஐந்து வயதுப் பெண் குழந்தையை எளிதில் ஒப்படைத்துவிட மாட்டார்கள். வாரம் ஒருமுறை பார்க்க அனுமதி கேட்டால் கிடைக்கலாம். அதை மூர்க்கமாக எதிர்க்காதீர்கள். மகளைப் பார்க்க வேண்டும் என்று அவர் மனுப் போட்டால், தந்தை தான் என்பதை ஒப்புக்கொண்டாயிற்று.

பள்ளிச் சேர்க்கை, பிறப்புச் சான்று

அண்ணன் நல்ல மனதோடு சொல்கிறார், ஆனால் அந்த யோசனை வேண்டவே வேண்டாம். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பள்ளிப் பதிவேட்டில் வேறு பெயர் என்றானால் ஆதார், பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் சிக்கல். அதைவிடப் பெரிய ஆபத்து, நாளை சொத்து வழக்கில் எதிர்த் தரப்பு வழக்கறிஞர் அந்தப் பள்ளிப் பதிவேட்டைத்தான் முதலில் நீட்டுவார். சான்றிதழில் உள்ளபடியே கொடுங்கள். தந்தையின் பெயரைக் கட்டாயமாகக் கேட்க முடியாது என்ற நிலையும் இருக்கிறது: திருமணமாகாத தாய் தந்தையின் பெயரைச் சொல்லாமலேயே குழந்தையின் பாதுகாவலர் ஆகலாம், அவர் பிரமாண வாக்குமூலம் கொடுத்தால் பிறப்புச் சான்றிதழ் வழங்க வேண்டும் என்று 2015 ஜூலை 6 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்களுக்கு அது தேவையில்லை. இருக்கிற பெயர் உங்கள் மகளின் பலம்.

அந்தப் பெயரை எடுத்துவிடுவேன் என்று அவர் மிரட்டினால், பதிவாளர் ஒருவர் சொல்லை மட்டும் கேட்டு அழித்துவிட முடியாது; பதிவு தவறு என்று அவர் நிரூபிக்க வேண்டும். அதே நேரம், பிறப்புச் சான்றிதழ் நல்ல ஆதாரமே தவிர மறுக்க முடியாத முடிவு அல்ல. அவர் மறுத்தால் டிஎன்ஏ பரிசோதனைக்கு நீதிமன்றத்தில் மனுப் போடலாம். கேட்ட உடனே உத்தரவிட மாட்டார்கள். மற்ற ஆதாரங்களால் தீர்க்க முடியாத போதுதான். உத்தரவுக்குப் பிறகும் அவர் வர மறுத்தால், அதை அவருக்கு எதிராக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். தெரியாமல் முடி, பல்துலக்கி எடுத்துத் தனியார் ஆய்வகத்துக்கு அனுப்புவது காசுக்குக் கேடு. யாருடைய மாதிரி என்றே நிரூபிக்க முடியாது.

இந்த மாதமே செய்ய வேண்டியவை

ஆதாரங்களைத் திரட்டுங்கள்: பிரசவ வார்டு சேர்க்கைப் பதிவு, தாய் சேய் நல அட்டை, வாடகை ஒப்பந்தம், ஒரே முகவரியில் உள்ள ஆதார் அல்லது ரேஷன் அட்டை, அவர் உங்கள் கணக்குக்குப் பணம் அனுப்பிய வங்கிப் பதிவுகள், காப்பீட்டில் உங்களையோ குழந்தையையோ நாமினியாகப் போட்டிருந்தால் அந்த நகல், கோவில் ரசீது, படங்கள். வீட்டு உரிமையாளரின் சாட்சியம் பக்கத்து வீட்டாருடையதைவிட எடுபடும். வாட்ஸ்அப் உரையாடலுக்கு ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63(4) சான்றிதழ், அதாவது மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழ், இணைக்க வேண்டும். அதற்கு அந்த உரையாடல் உள்ள போன் அப்படியே இருக்க வேண்டும். போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ கூடாது.

வழக்குகளைப் பிரித்துப் போடுங்கள். குழந்தையின் பராமரிப்பு மனு தனியாக, முதலில் போகட்டும். திருமண நிலை, மகளின் சட்டநிலை பற்றிய விளம்புகைக்கு, அதாவது இதுதான் நிலை என்று நீதிமன்றம் அறிவிக்கும் தீர்ப்புக்கு, குடும்ப நல நீதிமன்றத்தில் தனி வழக்கு. அதில் 7-ஏ திருமணம் என்று முதன்மையாகவும், இல்லாவிட்டால் நீண்டகாலச் சேர்ந்து வாழ்வு என்றும், அதுவும் இல்லாவிட்டால் பிரிவு 16 என்றும் மாற்று வாதங்களாக வைக்கச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒரே மனுவில் திணித்தால், திருமணச் சர்ச்சை முடியும்வரை குழந்தையின் பால் செலவும் காத்திருக்கும்.

விளம்புகை வழக்கை அவர் திருமணத்துக்கு முன் போடுவதுதான் நல்லது. பிறகு போட்டால் இன்னொரு பெண்ணும் அவருக்குப் பிறக்கும் குழந்தையும் எதிர்த் தரப்பாகிவிடுவார்கள், அவர்கள் மீது தவறு இல்லாமலே. பாக வழக்கு இப்போது அவசரமில்லை. மைனருக்கு எதிராகக் காலவரம்பு ஓடாது, மகளுக்கு 18 வயது ஆன பிறகும் அதற்கு அவகாசம் உண்டு. ஆனால் தோட்டத்தை விற்கப் பேச்சு அடிபட்டால் உடனே வழக்கறிஞரிடம் போய்த் தடையுத்தரவு கேட்க முடியுமா என்று பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வில்லங்கச் சான்று எடுத்துப் பார்ப்பது நல்ல பழக்கம்.

வழக்கறிஞர் கட்டணத்துக்குப் பணம் இல்லை என்று கடிதத்தின் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் 1987-இன்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போகும்போது பிறப்புச் சான்றிதழின் நகலையும் அந்த இரண்டு நண்பர்களின் முகவரியையும் எடுத்துச் செல்லுங்கள்.